கல்லூரி ஹாக்கியில் கலக்கும் பையன் என்.எச்.எல். போவானா? எடைபோடுவது எப்படி

மூன்று ஆட்டக்காரர்களின் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். மூன்றுமே அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியில் ஒரு சீசனில் எடுத்தவை.

செயின்ட் கிளவுட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ட்ரூ லெப்ளாங்க் 2012-13 சீசனில் 42 ஆட்டங்களில் 50 பாயிண்ட் எடுத்தார். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் கேல் மக்கார் 2018-19இல் 41 ஆட்டங்களில் 49. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் லேன் ஹட்சன் 2022-23இல் 39 ஆட்டங்களில் 48.

ஏறக்குறைய ஒரே கணக்குதான். மூவருக்குமே ஆட்டத்துக்கு ஒன்றேகால் பாயிண்டை ஒட்டி வருகிறது. ஆனால் அதற்கப்புறம் நடந்ததைப் பாருங்கள். லெப்ளாங்க் அந்த வருடம் கல்லூரி ஹாக்கியின் மிகப் பெரிய கௌரவமான ஹோபி பேக்கர் விருதை வாங்கினார். வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லில் அவர் ஆடியது இரண்டே ஆட்டம். பிறகு ஜெர்மனிக்குப் போய் அங்கே பல வருடம் நல்ல பெயரோடு ஆடினார். மக்காரும் ஹோபி பேக்கர் வாங்கினார். இன்று உலகிலேயே சிறந்த டிஃபென்ஸ்மேன் யார் என்று கேட்டால் முதலில் வரும் பெயர்களில் அவருடையதும் ஒன்று. ஹட்சன் 2025இல் என்.எச்.எல்.லின் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையைத் தட்டிச் சென்றார்.

ஒரே மாதிரி எண் இப்படி வெவ்வேறு இடத்தில் போய் முடிவது ஏன் என்று புரிந்துவிட்டால், கல்லூரி ஆட்டக்காரர்களை எடைபோடுவதில் பாதி தூரம் வந்துவிடலாம். அதைத்தான் இங்கே ஆரம்பத்திலிருந்து சொல்லப் பார்க்கிறேன்.

ஹாக்கி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தரையில் ஆடும் ஹாக்கி. இது பனித்தளத்தில், ஸ்கேட் மாட்டிக்கொண்டு, பந்துக்குப் பதிலாக ‘பக்’ என்ற தட்டையான ரப்பர் வட்டை வைத்து ஆடுவது. ஒரு நேரத்தில் ஒரு அணிக்கு ஐந்து பேர், கூட ஒரு கோலி. முன்னால் ஒரு சென்டர், இரண்டு விங்கர். பின்னால் இரண்டு டிஃபென்ஸ்மேன். கோல் அடித்தால் ஒரு பாயிண்ட். கோலுக்கு முன் பக்கைக் கடத்திக் கொடுத்தவருக்கு அசிஸ்ட் என்று ஒரு பாயிண்ட். ஒரு கோலுக்கு இரண்டு பேருக்கு வரை அசிஸ்ட் கிடைக்கும். கோலும் அசிஸ்டும் சேர்ந்ததுதான் நாம் மேலே பார்த்த பாயிண்ட் கணக்கு.

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவு ஆண்கள் ஹாக்கியில் அறுபதுக்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள் இருக்கின்றன. அணிக்கு இருபத்தைந்து பேர் என்று வைத்தாலும் 1,500 பேரைத் தாண்டுகிறது. மேலே என்.எச்.எல்.லில் 32 அணிகள், அணிக்கு 23 பேர். மொத்தம் 736 இடம். அந்த இடங்கள் ஏற்கெனவே நிரம்பியிருக்கின்றன. கனடாவின் ஜூனியர் லீக்குகள், சுவீடன், பின்லாந்து, ரஷ்யா என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். என்.எச்.எல். ஆட்டக்காரர்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கல்லூரி வழியாக வந்தவர்கள் என்பது பெரிய விஷயம்தான். இருந்தாலும் ஒரு வருடத்தில் புதிதாகத் திறக்கிற கதவுகள் கொஞ்சமே.

பிறந்த தேதியிலிருந்து தொடங்குங்கள்

ஆட்டக்காரர் பட்டியல் கையில் கிடைத்ததும் எல்லோர் கண்ணும் கோல் எண்ணிக்கைக்குப் போகும். நான் பிறந்த தேதிக்குப் போகிறேன். அதைப் பார்க்காமல் மற்ற எந்த எண்ணையும் படிக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

காரணம் கல்லூரி ஹாக்கியின் அமைப்பிலேயே இருக்கிறது. நம் ஊரில் முதலாம் ஆண்டு மாணவர் என்றால் பதினேழு, பதினெட்டு வயது. கல்லூரி ஹாக்கியில் அப்படி இல்லை. பள்ளி முடித்ததும் ஒரு வருடம், இரண்டு வருடம் யு.எஸ்.எச்.எல். போன்ற ஜூனியர் லீக்கில் ஆடிவிட்டு இருபது, இருபத்தொரு வயதில் முதலாம் ஆண்டு சேர்பவர்கள் ஏராளம். அவர்கள் நாலாம் ஆண்டு முடிக்கும்போது இருபத்துநாலு, இருபத்தைந்து. ஆக, ஒரே பனித்தளத்தில் பதினெட்டு வயதுப் பையனும் இருபத்துநாலு வயது ஆளும் மோதுகிறார்கள். அந்த வயதில் ஆறு வருடம் என்பது உடம்பில் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அந்த மூன்று பேரிடம் திரும்பி வருவோம். 50 பாயிண்ட் எடுத்தபோது லெப்ளாங்குக்கு 23 வயது. முந்தைய சீசனில் கால் முறிந்து, ஆட முடியாமல் போன வருடத்துக்கு ஈடாகக் கிடைத்த ஐந்தாவது வருடம் அது. மக்காருக்கு 20. ஹட்சன் சீசனைத் தொடங்கும்போது 18. நடுவில்தான் 19 முடிந்தது. தன்னைவிட நாலைந்து வயது மூத்தவர்களுக்கு எதிராக ஹட்சன் எடுத்த 48ஐயும், தன்னைவிட இளையவர்கள் நிறைந்த களத்தில் லெப்ளாங்க் எடுத்த 50ஐயும் ஒரே தட்டில் வைக்க முடியாது. லெப்ளாங்க் அன்று காட்டியது ஏறக்குறைய அவருடைய முழு வளர்ச்சி. ஹட்சனுக்கு வளர்ச்சி இனிமேல்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: லெப்ளாங்க் சென்டர், மற்ற இருவரும் டிஃபென்ஸ்மேன்கள். பின்வரிசையில் நின்று முன்வரிசை ஆட்டக்காரருக்கு நிகராகப் பாயிண்ட் எடுப்பது அபூர்வம்.

வயது என்று வரும்போது செப்டம்பர் 15 என்ற தேதியை மனதில் வையுங்கள். ஒவ்வொரு வருடமும் கோடையில் என்.எச்.எல். அணிகள் இளைஞர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். இதுதான் டிராஃப்ட், ஏழு சுற்று நடக்கும். அந்த வருடம் செப்டம்பர் 15க்குள் 18 வயது நிரம்புகிறவர்தான் அதில் நிற்க முடியும். செப்டம்பர் 16இல் பிறந்தவர் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும். அதனால் அக்டோபர், நவம்பரில் பிறந்த பையன்களுக்கு டிராஃப்டுக்கு முன்பே ஒரு கல்லூரி சீசன் ஆடும் வாய்ப்பு வருகிறது. 2015இல் இரண்டாவதாக எடுக்கப்பட்ட ஜாக் ஐக்கல், 2021இல் முதலாவதாக எடுக்கப்பட்ட ஓவன் பவர், 2023இல் மூன்றாவதாக எடுக்கப்பட்ட ஆடம் ஃபன்டில்லி எல்லோரும் இப்படிப் பிறந்தவர்கள்தான். மாக்லின் செலப்ரீனி ஜூன் மாதம் பிறந்தவர். அப்படியும் பள்ளிப் படிப்பைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு 17 வயதிலேயே பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்து, அந்த சீசன் முழுக்க 17 வயதிலேயே ஆடி, ஹோபி பேக்கர் வாங்கினார். அந்த விருதை வாங்கியவர்களில் மிக இளையவர் அவர். ஒரு பையன் 17இல் இதைச் செய்தால் மேலே யோசிக்க ஒன்றுமில்லை. 2024 டிராஃப்டில் சான் ஹோசே அணி அவரை முதலாவதாக எடுத்தது.

பாயிண்டைப் பிரித்துப் பாருங்கள்

வயது தெரிந்த பிறகு பாயிண்டுக்கு வரலாம். மொத்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அது எங்கிருந்து வந்தது என்று பிரிக்க வேண்டும்.

எதிரணியில் ஒருவர் தவறு செய்து தண்டனைப் பெட்டியில் உட்காரும்போது, நம் பக்கம் ஐந்து பேர், அவர்கள் பக்கம் நாலு பேர். இதற்குப் பெயர் பவர் பிளே. இடமும் நேரமும் தாராளமாகக் கிடைக்கும். ஒருவருடைய பாயிண்டில் பாதிக்குமேல் பவர் பிளேயில் வந்தது என்றால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மேல் லீக்கில் பவர் பிளே என்பது அணியின் மிகச் சிறந்த நாலைந்து பேருக்கான இடம். புதிதாக வருகிறவருக்கு அது உடனே கிடைக்காது. ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில்தான் முதலில் பிழைக்க வேண்டும்.

அசிஸ்டும் அப்படித்தான். கோலுக்கு நேராகக் கொடுத்த கடைசிப் பாஸ் ஒன்று. அதற்கு முந்தைய பாஸ் இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே மதிப்புதான் போடுகிறார்கள். ஆனால் முந்தைய பாஸ் சில நேரம் மிகச் சாதாரணமானது: தன் பக்கத்திலிருந்து பக்கத்தில் நிற்பவரிடம் தள்ளிவிட்டதுகூட கணக்கில் வந்துவிடும். கடைசிப் பாஸ் நிறைய வைத்திருப்பவரை நான் கூடுதலாக நம்புவேன்.

அப்புறம் ஷாட் கணக்கு. கல்லூரி சீசன் சிறியது. 35 முதல் 40 ஆட்டம்தான். பெரும்பாலும் வெள்ளி, சனி ராத்திரி ஆட்டம், வாரம் முழுக்கப் பயிற்சியும் உடற்பயிற்சியும். கனடாவின் ஜூனியர் லீக்கில் 68 ஆட்டம் ஆடுகிறார்கள். ஆட்டங்கள் குறைவாக இருந்தால் அதிர்ஷ்டம் கணக்கைப் புரட்டிவிடும். ஒரு பையன் 80 ஷாட் அடித்து 20 கோல் போட்டிருக்கிறான் என்று வையுங்கள். நாலுக்கு ஒன்று உள்ளே போயிருக்கிறது. என்.எச்.எல்.லில் பத்துக்கு ஒன்று என்பதுதான் பொதுவான அளவு. இந்தப் பையனுக்கு அடுத்த வருடம் கோல் குறைந்தால் அவன் ஆட்டம் சரிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்; பக் இயல்பான அளவில் உள்ளே போகத் தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். மாறாக 160 ஷாட் அடித்து 14 கோல் மட்டும் போட்டவனை விட்டுவிடாதீர்கள். அத்தனை முறை ஷாட் அடிக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதே திறமை.

கூட ஆடியவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். முன்வரிசை மூவரும் ஒன்றாகவே களம் இறங்குவார்கள், அந்தக் கூட்டணிக்குப் பெயர் லைன். நட்சத்திரம் ஒருவரோடு ஒரே லைனில் ஆடும் விங்கருக்குப் பாயிண்ட் தானாக வந்து விழும். எந்த லீக் பிரிவு என்பதும் முக்கியம். ஹாக்கி ஈஸ்ட், என்.சி.எச்.சி., பிக் டென் போன்ற பிரிவுகளில் வாராவாரம் பலமான அணிகளோடு மோத வேண்டும். வேறு சில பிரிவுகளில் அந்த அழுத்தம் குறைவு.

மேலே போனால் எவ்வளவு தேறும்?

ஒரு லீக்கின் பாயிண்டை என்.எச்.எல். பாயிண்டாக மாற்றிப் பார்க்கும் கணக்கு ஒன்று புள்ளிவிவரக்காரர்களிடம் புழக்கத்தில் இருக்கிறது. அடிப்படை எளிது. ஒரு லீக்கிலிருந்து என்.எச்.எல்.லுக்குப் போனவர்கள் அங்கே எடுத்ததையும் இங்கே எடுத்ததையும் ஒப்பிட்டு, சராசரியாக எத்தனை பங்கு தேறுகிறது என்று பார்ப்பது. அதை நாமே நாலு பேரை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். நாலு பேரும் ஹோபி பேக்கர் வாங்கிய கையோடு என்.எச்.எல்.லில் முதல் சீசன் ஆடியவர்கள்.

ஜானி கோட்ரோ, பாஸ்டன் கல்லூரியில் 40 ஆட்டத்தில் 80 பாயிண்ட். கால்கரி அணியில் முதல் முழு சீசனில் 80 ஆட்டத்தில் 64. ஆட்டத்துக்கு 2 என்பது 0.8 ஆகிவிட்டது, அதாவது நூற்றுக்கு 40 தேறியது. ஐக்கல், 40 ஆட்டத்தில் 71; பஃபலோவில் 81 ஆட்டத்தில் 56. நூற்றுக்கு 39. ஃபன்டில்லி, மிச்சிகனில் 36 ஆட்டத்தில் 65. கொலம்பஸில் காயத்தால் நின்றுபோன சீசனில் 49 ஆட்டத்தில் 27. நூற்றுக்கு 31 மட்டும். செலப்ரீனி, 38 ஆட்டத்தில் 64. சான் ஹோசேயில் 70 ஆட்டத்தில் 63. நூற்றுக்கு 53.

நாலு பேரிலேயே 31க்கும் 53க்கும் இடையில் ஊசலாடுகிறது. இதிலிருந்து ‘பெரும்பாலும் பாதிக்கும் குறைவாகத்தான் தேறும்’ என்ற பொதுவான அளவை எடுத்துக்கொள்ளலாம், துல்லியமாக எதையும் எடுத்துக்கொள்ள முடியாது.

இந்தக் கணக்கில் ஒரு பள்ளம் இருக்கிறது. புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் அதில்தான் விழுகிறார்கள். 24 வயது நாலாம் ஆண்டு ஆட்டக்காரர் ஒருவர் 36 ஆட்டத்தில் 40 பாயிண்ட் எடுத்தால், நூற்றுக்கு 40 என்று மாற்றி, 82 ஆட்டத்துக்குப் பெருக்கினால் 36 பாயிண்ட் வருகிறது. ஆஹா, நல்ல மூன்றாவது லைன் ஆட்டக்காரர் என்று தோன்றும். ஆனால் அந்த 40 என்ற அளவு யாரை வைத்துப் போட்டது? மேலே போய் நிலைத்தவர்களை வைத்து. போக முடியாதவர்கள் அந்தக் கணக்கில் வரவே இல்லை. அதனால் ‘இவர் என்.எச்.எல்.லில் ஆடினால் எவ்வளவு எடுப்பார்’ என்ற கேள்விக்குத்தான் அந்தக் கணக்கு பதில் சொல்லும். ‘ஆடுவாரா’ என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

கண்ணால் பார்க்க வேண்டியது

அந்தப் பதிலைத் தேடித்தான் அணிகளுக்காக ஆள் பார்க்கும் ஸ்கவுட்கள் அரங்கம் அரங்கமாக அலைகிறார்கள். அவர்கள் தேடுவதைச் சுருக்கமாகச் சொன்னால்: மேல் லீக்கில் நேரமும் இடமும் பாதியாகிவிடும், அப்போதும் இவனுடைய ஆட்டம் எடுபடுமா?

ஒரு உதாரணம். எதிரணி பக்கை நம் பக்கத்து மூலைக்குத் தட்டிவிடுகிறது. டிஃபென்ஸ்மேன் திரும்பி அதை எடுக்கப் போகிறான். அவன் முதுகை நோக்கி எதிரணி ஆள் முழு வேகத்தில் வந்துகொண்டிருக்கிறான். இந்த இடத்தில் பக்கைப் பார்க்காதீர்கள். டிஃபென்ஸ்மேனின் தலையைப் பாருங்கள். போகிற வழியில் ஒரு தடவை தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறானா? பக்கைத் தொடுவதற்கு ஓரடி முன்னால் இன்னொரு தடவை? அப்படிப் பார்த்தவனுக்கு, வருகிறவன் எந்தப் பக்கம் வருகிறான், தன் ஆள் எங்கே நிற்கிறான் என்பது பக் ஸ்டிக்கில் படும் முன்பே தெரிந்திருக்கும். தோளை இடப்பக்கம் சாய்த்து ஏமாற்றிவிட்டு வலப்பக்கம் திரும்புவான். பாஸ் நேராகத் தன் சென்டரின் ஸ்டிக்கில் போய் விழும். அணி மூச்சுவிட்டு முன்னேறும். மொத்தம் இரண்டு விநாடி. இதற்குக் கோல் கிடையாது, அசிஸ்ட் கிடையாது, கைத்தட்டல்கூட கிடையாது. ஆனால் ஒரு ஆட்டத்தில் இது பத்து, பதினைந்து தடவை நடக்கிறது. இதைச் சுத்தமாகச் செய்கிற பையன் மேலேயும் செய்வான்.

திரும்பிப் பார்க்காதவன் என்ன செய்வான்? பக்கை எடுத்த பிறகு தலையைத் தூக்குவான். கல்லூரியில் அதற்கு நேரம் இருக்கும்; தப்பித்துவிடுவான். என்.எச்.எல்.லில் தலையைத் தூக்கும் நேரத்தில், பனித்தளத்தைச் சுற்றியிருக்கும் பலகையோடு பலகையாக நசுங்கிக் கிடப்பான்.

முன்வரிசை ஆட்டக்காரரிடமும் இதே கேள்விதான். பவர் பிளேயில் பலகை ஓரமாக நின்றுகொண்டு, மூன்று விநாடி பக்கை வைத்திருந்து, குறிபார்த்து மூலையில் அடிக்கிற பையன் கல்லூரியில் இருபது கோல் போடலாம். அந்த மூன்று விநாடியை மேலே யாரும் தரமாட்டார்கள். பக் வந்து சேர்வதற்குள் அடுத்து என்ன என்று முடிவெடுத்துவிட்டவன், கால் நிற்காமலே பாஸை வாங்கி அடிக்கிறவன், வேகத்தைக் கூட்டிக் குறைத்து எதிராளியைக் குழப்புகிறவன், இவர்கள்தான் தேறுவார்கள்.

நீங்களே முயற்சி செய்து பார்க்கலாம். ஏதாவது ஒரு கல்லூரி ஆட்டத்தை எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு ஆட்டக்காரரை மட்டும், அவர் பனியில் இறங்கியதிலிருந்து பெஞ்சுக்குத் திரும்பும் வரை பாருங்கள். ஒரு தடவைக்கு நாற்பது, ஐம்பது விநாடிதான் இருக்கும். பக் எங்கே போனாலும் கண்ணை அவரைவிட்டு எடுக்கக் கூடாது. முதலில் கஷ்டமாக இருக்கும். பத்து தடவைக்கு அப்புறம் அதுவரை கண்ணில் படாதது எல்லாம் படத் தொடங்கும். பக் இல்லாதபோது எங்கே போய் நிற்கிறார், பக்கைத் தொலைத்துவிட்டால் உடனே திரும்பி ஓடுகிறாரா, களைத்த பிறகும் அதே வேகம் இருக்கிறதா. எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் காதல் வந்ததே இப்படி ஒருவரைத் தொடர்ந்து பார்க்க ஆரம்பித்த பிறகுதான்.

உயரம் என்ற தொல்லை

உயரக் குறைவான பையன்களை ஹாக்கி நீண்ட காலம் அநியாயமாக ஒதுக்கியது என்றே நினைக்கிறேன். மார்ட்டின் சான் லூயி வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் நாலு வருடமும் பாயிண்டாகக் குவித்தார். உயரம் 5 அடி 8 அங்குலம். டிராஃப்டில் ஒரு அணியும் எடுக்கவில்லை. அவர்தான் பிறகு 2004இலும் 2013இலும் என்.எச்.எல்.லிலேயே அதிக பாயிண்ட் எடுத்தவர். 2018இல் ஹாக்கி புகழரங்கில் இடம்பெற்றார். கோட்ரோவை 2011 டிராஃப்டில் 104ஆவதாக எடுத்தார்கள். 2024 ஆகஸ்டில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது கார் மோதி, தம்பியோடு சேர்ந்து அவர் இறந்துபோனது இந்த விளையாட்டை நேசிக்கிற எல்லோருக்கும் இன்னும் ஆறாத துக்கம். சிறிய உடம்போடு பெரியவர்களுக்கு நடுவே நழுவி நழுவி அவர் போனதைப் பார்த்து வளர்ந்த பையன்கள்தான் இன்று கல்லூரிகளில் ஆடுகிறார்கள். ஹட்சனும் உயரக் குறைவால்தான் 2022இல் 62ஆவது இடம் வரை தள்ளப்பட்டார்.

அதற்காக உயரம் பொருட்டே இல்லை என்று சொல்ல முடியாது. குள்ளமான பையனுக்கு வேறொன்று மிக அதிகமாக இருந்தாக வேண்டும்: சறுக்கும் வேகம், அல்லது சட்டென்று திரும்பும் லாகவம், அல்லது எல்லோருக்கும் முன்பே ஆட்டத்தைப் படிக்கிற மூளை. இந்த மூன்றில் ஏதாவது இரண்டு இருந்தால் நான் பந்தயம் கட்டுவேன். எல்லாவற்றிலும் சுமாரான 5 அடி 9 அங்குல ஆட்டக்காரருக்கு, எல்லாவற்றிலும் சுமாரான 6 அடி 2 அங்குல ஆட்டக்காரரைவிட வழி குறுகல்தான்.

கோலிகளுக்குத் தனிக் கணக்கு

கோலியைக் கணிப்பது எல்லாவற்றிலும் கடினம். 2021-22இல் மினசோட்டா ஸ்டேட் கோலி ட்ரைடன் மக்கே ஒரே சீசனில் 38 வெற்றி பெற்று ஹோபி பேக்கரும் வாங்கினார். எந்த என்.எச்.எல். அணியும் அவரை டிராஃப்டில் எடுத்திருக்கவில்லை. கல்லூரி முடிந்ததும் கீழ்நிலைத் தொழில்முறை லீக்கில்தான் இடம் கிடைத்தது. அவருக்கு முன்னால் ஆடிய அணி அபாரமாகத் தடுத்தது; அவர் மேல் வந்த ஷாட்டுகளே குறைவு. வயதும் 24 ஆகியிருந்தது.

இன்னொரு பக்கம் கானர் ஹெலபக். டெக்சாஸில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு ஜூனியர் அணியில் ஆடியவர். 2012இல் 130ஆவதாக வினிபெக் எடுத்தது. மாசசூசெட்ஸ்-லோவல் கல்லூரியில் இரண்டு வருடம், பிறகு என்.எச்.எல்.லுக்கு அடுத்த படியான ஏ.எச்.எல். லீக்கில் பயிற்சி, 2015 கடைசியில் என்.எச்.எல். அறிமுகம். சிறந்த கோலிக்கான வெஸினா கோப்பை 2020இல் முதல் தடவை. 2024, 2025இல் மறுபடியும். டிராஃப்டிலிருந்து முதல் வெஸினாவுக்கு எட்டு வருடம். கோலி விஷயத்தில் பொறுமைதான் வேண்டும்; இருபது வயதுக் கோலியைப் பற்றி யார் அடித்துச் சொன்னாலும் நான் நம்புவதில்லை.

டிராஃப்டில் எடுத்தால் முடிந்ததா?

இல்லை. டிராஃப்டில் எடுப்பது என்பது அந்தப் பையனோடு ஒப்பந்தம் பேசும் உரிமை மட்டும். அவன் கல்லூரியில் தொடரலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் கல்லூரி ஹாக்கிக்குத் திரும்ப முடியாது. அதனால் ஒவ்வொரு வசந்தத்திலும் பையனும் குடும்பமும் அணியும் உட்கார்ந்து பேசும் பெரிய கேள்வி: போவதா, இன்னும் ஒரு வருடம் இருப்பதா?

கல்லூரிக்காரருக்கு இதில் ஒரு பலம் உண்டு. பல வருடமாக இருந்துவந்த விதிப்படி, நாலு வருடப் படிப்பையும் முடித்துவிட்டு ஆகஸ்ட் 15 வரை கையெழுத்துப் போடாமல் இருந்தால், எடுத்த அணியின் உரிமை காலாவதியாகிவிடும். பிடித்த அணிக்குப் போகலாம். ஹார்வர்டின் ஜிம்மி வீசியை நாஷ்வில் எடுத்திருந்தது. 2016இல் ஹோபி பேக்கர் வாங்கிய கையோடு அங்கே போக மறுத்தார். உரிமை பஃபலோவுக்குக் கைமாறியது. ஆகஸ்ட் வந்ததும் நியூயார்க் ரேஞ்சர்ஸில் சேர்ந்துவிட்டார்.

டிராஃப்டில் யாரும் எடுக்காதவர்களுக்கும் வழி மூடிவிடுவதில்லை. மார்ச் மாதம் தங்கள் கல்லூரி தோற்று வெளியேறியதும் அவர்களுடைய தொலைபேசி அடிக்கத் தொடங்கும். ஃபெரிஸ் ஸ்டேட்டின் கிறிஸ் குனிட்ஸ் நாலு வருடமும் ஆடி முடித்து அப்படிப் போனவர்தான். பின்னாளில் என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை நாலு தடவை ஜெயித்தார். வயதைப் பற்றி நான் மேலே இவ்வளவு அழுத்திச் சொன்னதற்கு இவர் எதிர்ச்சான்று போலத் தெரியும். ஆனால் குனிட்ஸிடம் என்ன வேலை எதிர்பார்த்தார்கள் என்று பாருங்கள்: மூலையில் முட்டிமோதிப் பக்கை மீட்பது, கோல் முன்னால் அடிவாங்கிக்கொண்டு நிற்பது, அணியின் நட்சத்திரமான சிட்னி க்ராஸ்பிக்கு இடம் பண்ணிக் கொடுப்பது. வயதான கல்லூரி ஆட்டக்காரரிடம் நட்சத்திரத்தைத் தேடாதீர்கள். அணிக்குத் தேவையான ஒரு குறிப்பிட்ட வேலையை அவர் நாளைக்கே செய்வாரா என்று தேடுங்கள்.

எந்தக் கல்லூரி ஜெயிக்கிறது என்பதை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 2021-22 மிச்சிகன் அணியில் டிராஃப்டின் முதல் சுற்றில் போனவர்கள் ஏழு பேர் இருந்தார்கள். 2021 டிராஃப்டின் முதல் ஐந்து பேரில் நாலு பேர் அந்த ஒரே அணியில். அரையிறுதியில் டென்வரிடம் கூடுதல் நேரத்தில் தோற்றார்கள். கல்லூரிக் கோப்பையை வெல்வதற்கு 23 வயது அனுபவசாலிகள் போதும்; பல நேரம் அவர்கள்தான் சரியான ஆட்களும்கூட.

2025இலிருந்து இந்தக் களமே மாறிக்கொண்டிருக்கிறது. கனடாவின் பெரிய ஜூனியர் லீக்கில் ஒரு ஆட்டம் ஆடினாலே கல்லூரிக் கதவு மூடிக்கொள்ளும் என்பது பல வருடப் பழைய விதி. அது 2025 ஆகஸ்ட் 1இலிருந்து போய்விட்டது. மெடிசின் ஹேட் அணிக்காக 56 ஆட்டத்தில் 129 பாயிண்ட் எடுத்த கேவின் மெக்கென்னா உடனே பென் ஸ்டேட்டுக்கு வந்தார். இப்படிப்பட்ட பதினேழு, பதினெட்டு வயதுக்காரர்கள் நிறைய வர வர, கல்லூரி ஹாக்கியின் தரம் ஏறும். பழைய வருடங்களின் 50 பாயிண்டும் இனிமேல் வரும் 50 பாயிண்டும் ஒன்றாக இருக்காது. என்னைப் போல் பழைய கணக்கை வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறவர்கள் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும்.

மக்காரைப் பற்றி மிச்சம் ஒன்று இருக்கிறது. 2017இல் கொலராடோ அவரை நாலாவதாக எடுத்தபோது, அவர் ஆடிக்கொண்டிருந்தது ஆல்பர்ட்டாவில் இரண்டாம் தர ஜூனியர் லீக் ஒன்றில். சேரப்போன மாசசூசெட்ஸ் அணி முந்தைய சீசனில் ஐந்தே ஆட்டம் ஜெயித்திருந்தது. முதல் வருடம் 34 ஆட்டத்தில் 21 பாயிண்ட். எண்ணை மட்டும் பார்த்தவர்களுக்கு அதில் பெரிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. அவர் அவசரப்படாமல் இரண்டாம் வருடமும் கல்லூரியிலேயே இருந்தார். அந்த வருடம்தான் நாம் முதலில் பார்த்த 49.

2019 ஏப்ரல் 12, வெள்ளிக்கிழமை ஹோபி பேக்கர் விருது. சனிக்கிழமை கல்லூரி இறுதிப் போட்டியில் மினசோட்டா துலூத்திடம் 3-0 தோல்வி. ஞாயிறு கொலராடோவோடு ஒப்பந்தம். திங்கள் ராத்திரி டென்வரில், கால்கரிக்கு எதிரான பிளே-ஆஃப் ஆட்டத்தில், வாழ்க்கையின் முதல் என்.எச்.எல். ஆட்டம், முதல் பகுதியிலேயே கோல்.